கொட்டகையிலிருந்து பாடநூலுக்கு: அவல நாடகக் கலைச்சொற்களின் வரலாறு

அவல நாடகத்தை ஆராய இன்று உலகெங்கும் பயன்படும் கலைச்சொற்களில் பெரும்பாலானவை, கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்தார் அன்றாடம் புழங்கிய சொற்கள். கூடாரம், ஆட்டக்களம், பக்கவழி, பாரந்தூக்கி, குறி தவறுதல், முடிச்சு, தீட்டுக் கழித்தல் எனத் தச்சரும் வில்லாளியும் மருத்துவரும் பூசாரியும் வழக்காடியவரும் பேசிய பேச்சு அது. பின்னாளில் அவை நூலேறி இலக்கணச் சொற்களாயின. ஏறத்தாழ இருபத்துநான்கு நூற்றாண்டுப் பயணத்தில் சில சொற்கள் பழைய பொருளைக் காத்துக்கொண்டன. சில வேறு பொருளுக்கு இடம் கொடுத்தன. ஒரு சொல் எந்தத் தொழிலிலிருந்து வந்தது என்று தெரிந்தால், அதை நாடகத்தின்மேல் எப்படிப் பொருத்த வேண்டும் என்பதும் தெரியவரும். அது தெரியாதபோது, நாடகத்தில் இல்லாத ஒன்றைத் திறனாய்வு அதன் தலையில் ஏற்றிவிடுகிறது.

திருவிழாவும் போட்டியும்

ஏதென்ஸில் அவல நாடகம் தியோனிசஸ் என்ற தெய்வத்தின் திருவிழாவில் வளர்ந்தது. ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரலை ஒட்டி வரும் எலாஃபெபோலியோன் மாதத்தில் நகரத் தியோனிசியா விழா நடந்தது. அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் மக்கள் அமர்ந்து பார்த்தார்கள். முதல் போட்டியில் தெஸ்பிஸ் என்பவர் வென்றார் என்றும், அது கி.மு. 534ஐ ஒட்டி நடந்தது என்றும் மரபு சொல்கிறது. குழுப் பாடலிலிருந்து தனியே பிரிந்து நின்று பேசிய முதல் நடிகர் என்ற பெயரும் அவருக்கே உண்டு.

இக்கலைக்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'டிராகோய்டியா'. 'டிராகோஸ்' என்றால் வெள்ளாட்டுக் கிடா. 'ஓய்டே' என்றால் பாட்டு. வென்றவருக்குக் கிடா பரிசளிக்கப்பட்டதால் இப்பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். கிடாவைப் பலியிடும்போது பாடியதால் வந்தது என்பது இன்னொன்று. எது சரி என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. ஆனால் துயரம், இழப்பு, சாவு என்று பொருள்படும் எதுவும் இப்பெயரில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. இன்றைய ஆங்கிலச் செய்தித்தாள் ஒரு பேருந்து விபத்தைக் குறிக்க எடுக்கும் சொல், பிறந்தபோது ஒரு திருவிழாப் பாட்டின் பெயர் மட்டுமே.

திருவிழா ஏற்பாடு முழுவதும் நகர ஆட்சியின் பொறுப்பு. போட்டியிட மூன்று கவிஞர்களை ஆர்க்கோன் என்ற அதிகாரி தேர்ந்தெடுப்பார். ஒவ்வொருவரும் மூன்று அவல நாடகங்களையும், அவற்றை அடுத்து 'சாட்டிர்' எனப்படும் களியாட்ட நாடகம் ஒன்றையும் அளிக்க வேண்டும். பாடி ஆடும் குழுவின் பெயர் 'கோரஸ்'. அதன் பயிற்சிக்கும் உடைக்கும் ஆகும் செலவை ஒரு செல்வந்தர் ஏற்க வேண்டும். அவர் 'கோரெகோஸ்' எனப்பட்டார். கி.மு. 472இல் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்' நாடகத்துக்குச் செலவு செய்தவர் இளைஞரான பெரிக்கிளிஸ். பின்னாளில் ஏதென்ஸின் பெருந்தலைவரானவர் அவரே.

நடிகருக்கு வழங்கிய பெயர் 'ஹிப்போகிரிட்டேஸ்'. விடை சொல்பவர், பொருள் விளக்குபவர் என்பது அதன் வேர்ப்பொருள். கோரஸின் பாட்டுக்கு மறுமொழி சொன்னவர் என்ற நிலையிலிருந்து நடிகர் வளர்ந்ததை இச்சொல் காட்டுகிறது. வேடம் போட்டு உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுபவர் என்ற இழிபொருள் இதற்குப் பின்னாளில் ஏறியது. இரண்டாம் நடிகரைக் கொண்டுவந்தவர் ஈஸ்கிலஸ், மூன்றாம் நடிகரைச் சேர்த்தவர் சோஃபக்ளிஸ் என்று அரிஸ்டாட்டில் குறிக்கிறார். பேசும் பாத்திரங்கள் எத்தனை இருந்தாலும் முகமூடியை மாற்றி மாற்றி இந்த மூன்று நடிகர்களே நடித்தார்கள். அவர்களுள் முதல்வர் 'புரோட்டகோனிஸ்டேஸ்', அதாவது முதல் போட்டியாளர். ஒரு நடிகரின் வரிசையைச் சொன்ன இச்சொல் இன்று கதைத்தலைவரைக் குறிக்கிறது.

இந்தக் கலையின் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி எழுந்துவிட்டது. கி.மு. 494இல் கிரேக்க நகரமான மிலேட்டஸைப் பாரசீகர் அழித்தனர். அந்த அழிவைப் ஃபிரினிக்கஸ் என்ற கவிஞர் நாடகமாக்கி மேடையேற்றியபோது அரங்கமே அழுதது. மக்களின் சொந்தத் துயரத்தை நினைவூட்டிய குற்றத்துக்காக ஏதென்ஸ் அவருக்கு 1000 டிராக்மா தண்டம் விதித்தது. அந்த நாடகத்தை இனி யாரும் நடிக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. இதை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பதிவு செய்திருக்கிறார். துயரத்தைக் காண்பதற்கென்றே மக்கள் திரண்டு வரவும் செய்கிறார்கள்; ஒரு துயரத்தைக் காட்டியதற்காகத் தண்டமும் விதிக்கிறார்கள். எந்தத் துயரம் கலையாகிறது, எது வெறும் புண்ணாகவே நின்றுவிடுகிறது என்ற இந்தக் கேள்விக்கு விடை தேடியே பின்வந்த கலைச்சொற்களில் பல பிறந்தன.

அரங்கின் உறுப்புகள் தந்த சொற்கள்

குன்றுச் சரிவில் மக்கள் அமர்ந்த பகுதி 'தியேட்ரான்', பார்க்கும் இடம். அதன் கீழே கோரஸ் ஆடிய தரை 'ஓர்கேஸ்ட்ரா', ஆடும் இடம். அதன் பின்னால் நடிகர் முகமூடி மாற்றிக்கொள்ள ஒரு மரக் கொட்டகை நின்றது. அதன் பெயர் 'ஸ்கேனே'. கூடாரம், குடிசை என்று பொருள். நாடகக் காட்சியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் இந்தக் கொட்டகையிலிருந்து வந்தவை. கொட்டகையின் முகப்பே அரண்மனையாகவும் கோயிலாகவும் வேடம் கொண்டது. அதன் நடுவாசல் திறந்தால் உள்ளே நடந்த கொடுமை வெளியே வரும்.

கொலையைப் பெரும்பாலும் மேடையில் காட்டுவதில்லை. உள்ளே நடந்ததை ஒரு தூதன் வந்து நீண்ட உரையாகச் சொல்வான். பின்னர் வாசல் திறக்க, சக்கரம் பூட்டிய ஒரு மேடை பிணங்களோடு உருண்டு வரும். இதன் பெயர் 'எக்கிக்ளேமா', வெளியே உருட்டப்படுவது. கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தில் கொலையுண்ட அரசனும் அவன் சிறைப்பிடித்து வந்த கசாண்ட்ராவும் கிடக்க, அவர்களைக் கொன்ற அரசி கிளைட்டெம்னெஸ்ட்ரா அவர்கள்மேல் நின்று பேசும் காட்சி இவ்வகையில் காட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது.

இன்னொரு கருவி 'மேக்கானே' என்ற பாரந்தூக்கி. கொட்டகைக்கு மேலாக நடிகரைத் தூக்கிக் காட்ட அது உதவியது. கி.மு. 431இல் அரங்கேறிய யூரிப்பிடிஸின் 'மெடியா' நாடக முடிவில், தன் மக்களைக் கொன்ற தாய் சூரியன் அளித்த தேரில் உயரே தோன்றித் தப்பிச் செல்கிறாள். கதைச் சிக்கலைத் தீர்க்கத் தெய்வத்தை இப்படி இறக்கும் வழக்கம் பெருகியபோது அரிஸ்டாட்டில் குறைகூறினார். கதையின் முடிவு கதைக்குள்ளிருந்தே விளைய வேண்டும், பாரந்தூக்கியிலிருந்து இறங்கக் கூடாது என்பது அவர் கருத்து. 'பொறியிலிருந்து வந்த தெய்வம்' என்ற இலத்தீன் தொடர், வலிந்து புகுத்திய எந்த முடிவையும் குறிக்கும் திறனாய்வுச் சொல்லாக இன்றும் நிற்கிறது.

நாடகத்தின் கட்டமைப்பைக் குறிக்கும் சொற்களும் நடையிலிருந்தும் நிலையிலிருந்தும் எழுந்தவை. ஆட்டக்களத்தின் இருபக்க நுழைவழி 'பரோடோஸ்'. அவ்வழியே வரும்போது கோரஸ் பாடிய பாட்டுக்கும் அதுவே பெயர். களத்தில் தன் இடத்தில் நின்றபின் பாடியது 'ஸ்டாசிமோன்'. பாட்டுகளுக்கு இடையே நடிகர் 'உடன் உள்ளே வந்து' பேசிய பகுதி 'எபெய்சோடியோன்'. தொலைக்காட்சித் தொடரின் 'எபிசோடு' இதன் வழித்தோன்றல். கடைசிப் பகுதி 'எக்சோடோஸ்', வெளியேற்றம். நடிகரும் கோரஸும் மாறி மாறிப் புலம்பும் பகுதிக்குக் 'கொம்மோஸ்' என்று பெயர். அடித்தல் என்ற வினையிலிருந்து வந்தது. சாவு வீட்டில் மாரடித்து அழுவதே அது. இருவர் ஆளுக்கு ஓரடியாக வெட்டி வெட்டிப் பேசும் உரையாடல் 'ஸ்டிக்கோமித்தியா', அடிக்கு அடி பேச்சு.

அரிஸ்டாட்டில் தொகுத்தவை

மேற்சொன்னவை தொழிலாளரும் கலைஞரும் பேசிய சொற்கள். அவற்றோடு ஆராய்ச்சிச் சொற்களையும் சேர்த்து ஒரு முறைமை வகுத்தவர் அரிஸ்டாட்டில். சோஃபக்ளிஸும் யூரிப்பிடிஸும் கி.மு. 406ஐ ஒட்டி மறைந்தார்கள். அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், கி.மு. 384இல் பிறந்தவர் அரிஸ்டாட்டில். கண்முன் நடந்த படைப்புக்கு அவர் விதி வகுக்கவில்லை. முந்திய தலைமுறைகளின் சாதனையைத் திரும்பிப் பார்த்து விளக்கினார். அவருடைய 'கவிதையியல்' 26 சிறு இயல்களைக் கொண்டது. பாடம் நடத்தும் குறிப்புகள்போல் சுருங்கிய நடை உடையது. பின்வந்த கருத்து மோதல்களுக்கு இந்தச் சுருக்கமும் ஒரு காரணம்.

அவல நாடகத்துக்கு அவர் ஆறு உறுப்புகளைச் சொல்கிறார்: கதைப்பின்னல், பாத்திரப் பண்பு, சிந்தனை, சொல், இசை, காட்சி. இவற்றுள் கதைப்பின்னலே உயிர் என்கிறார். அவல நாடகம் மனிதரைப் பற்றியதைவிட மனிதர் செய்யும் செயலைப் பற்றியது என்பது அவர் கொள்கை. 'டிராமா' என்ற சொல்லே 'செய்' என்னும் வினையிலிருந்து வந்தது. கதையின் முற்பகுதியை அவர் 'தேசிஸ்' என்றும் பிற்பகுதியை 'லூசிஸ்' என்றும் அழைத்தார். முடிச்சு, அவிழ்ப்பு என்பவை அவற்றின் நேர்பொருள்.

இரண்டு திருப்பங்களுள் ஒன்றோ இரண்டுமோ உள்ளதையே சிக்கலான கதைப்பின்னல் என்று அவர் கொண்டார். ஒன்று 'பெரிபெட்டேயா': செய்த செயல் எதிர்பார்த்ததற்கு நேரெதிராகத் திரும்புதல். மற்றது 'அனக்னோரிசிஸ்': அறியாமையிலிருந்து அறிவுக்கு மாறுதல், இன்னாரென்று கண்டுகொள்ளுதல். கண்டுகொள்ளும் வகைகளையும் அவர் தரப்படுத்தினார். தழும்பு, அணிகலன் முதலிய அடையாளத்தால் அறிவது கடைநிலை. நிகழ்ச்சிகளின் போக்கிலேயே உண்மை வெளிப்படுவது தலைநிலை. யூரிப்பிடிஸின் 'தௌரியரிடையே இஃபிஜெனியா' நாடகத்தில், அயல்நாட்டில் பூசாரிணியாக இருப்பவள் தன் தம்பிக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்புகிறாள். வழியில் கடிதம் தொலைந்தாலும் செய்தி சேரட்டும் என்று அதை வாய்விட்டுச் சொல்கிறாள். பலியிடப்படக் காத்து நிற்பவனே அந்தத் தம்பி. பெயர் காதில் விழுந்ததும் உண்மை புலப்படுகிறது, பலி நின்றுவிடுகிறது. இந்த வகைக் கதையை அரிஸ்டாட்டில் மிக உயர்ந்ததாகப் போற்றுகிறார். அவல நாடகம் சாவில்தான் முடிய வேண்டும் என்ற பிற்கால எண்ணம் அவருடையதல்ல.

தூதன் வந்த காட்சி

இந்த இரண்டு திருப்பங்களும் ஒரே இடத்தில் கூடுவதற்கு அரிஸ்டாட்டில் காட்டும் சான்று, சோஃபக்ளிஸின் 'ஈடிப்பஸ் அரசன்'. தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. முந்தைய அரசன் லையஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால் நோய் நீங்கும் என்று தெய்வவாக்கு வருகிறது. அந்தக் கொலைகாரனை ஈடிப்பஸ் அரசன் ஊரறியச் சபிக்கிறான். கொன்றவன் அவனே என்பது பார்வையாளருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இந்த இடைவெளிக்கு இன்று 'நாடக முரண்' என்று பெயர். கிரேக்கர் இதைத் தனிச்சொல்லால் குறிக்கவில்லை. கானப் தர்ல்வால் என்ற ஆங்கில அறிஞர் 1833இல் சோஃபக்ளிஸைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகே இக்கருத்து திறனாய்வில் வேரூன்றியது.

நாடகத்தின் நடுவில் கொரிந்திலிருந்து ஒரு முதிய தூதன் வருகிறான். கொண்டுவந்தது நல்ல செய்தி என்றே நம்புகிறான். கொரிந்து அரசன் பொலிபஸ் முதுமையால் இறந்துவிட்டார், ஈடிப்பஸை அரசனாக்க மக்கள் விரும்புகிறார்கள் என்கிறான். தந்தையைக் கொல்வான், தாயை மணப்பான் என்பது ஈடிப்பஸைத் துரத்திய வாக்கு. தந்தை என்று நினைத்தவர் தானே இறந்ததால் பாதி அச்சம் நீங்குகிறது. தாய் இன்னும் உயிரோடிருக்கிறாளே என்று அவன் தயங்குகிறான். அந்தத் தயக்கத்தையும் போக்கிவிடலாம் என்று தூதன், அவர்கள் உன்னைப் பெற்றவர்களே அல்லர் என்கிறான். கணுக்கால் துளைக்கப்பட்ட குழந்தையாக உன்னைச் சித்தேரோன் மலையில் ஒரு தீப்ஸ் இடையனிடமிருந்து வாங்கி அவர்களிடம் கொடுத்தவன் நானே என்றும் சொல்கிறான்.

அச்சத்தைத் தீர்க்கச் சொன்ன சொல்லே அச்சத்தை உண்மையாக்குகிறது. இதுவே பெரிபெட்டேயா. அருகில் நிற்கும் யொகாஸ்டாவுக்கு, லையஸின் மனைவியாக இருந்து ஈடிப்பஸை மணந்தவளுக்கு, கேட்ட கணமே எல்லாம் விளங்கிவிடுகிறது. இனித் தேட வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். பயனின்றி அரண்மனைக்குள் போய்விடுகிறாள். இடையன் வந்து வாய் திறந்ததும் ஈடிப்பஸுக்கும் விளங்குகிறது. இதுவே அனக்னோரிசிஸ். பிறகு உள்ளிருந்து இன்னொரு தூதன் வருகிறான்: யொகாஸ்டா தூக்கிட்டுக்கொண்டாள், அவள் ஆடையிலிருந்த ஊசிகளால் ஈடிப்பஸ் தன் கண்களைக் குத்திக்கொண்டான். அரிஸ்டாட்டில் இத்தனை உயர்த்திய இந்த நாடகத்துக்கு அன்றைய போட்டியில் முதலிடம் கிடைக்கவில்லை என்பதும் வரலாறு.

குறி தவறுதல்

மிகுதியாகத் திரிக்கப்பட்ட கலைச்சொல் 'ஹமார்ட்டியா'. எறிந்த ஈட்டியோ எய்த அம்போ இலக்கில் படாமல் போவதை ஹோமர் இதன் வினையால் குறிக்கிறார். அவல நாடகத் தலைவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று ஆராயும் 13ஆம் இயலில் அரிஸ்டாட்டில் இதைக் கையாள்கிறார். முழு நல்லவன் வீழ்ந்தால் மனம் வெறுப்படைகிறது. தீயவன் வீழ்ந்தால் இரக்கம் பிறப்பதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒருவன், கொடுமையால் அல்லாமல் ஒரு ஹமார்ட்டியாவால் வீழ்வதே அவலத்துக்கு ஏற்றது என்கிறார். ஈடிப்பஸ் செய்ததை இதன்படி பார்க்கலாம். கொரிந்தில் இருந்தால் வாக்கு பலித்துவிடும் என்று அஞ்சி, அதைத் தவிர்க்கவே அவன் ஊரைவிட்டு வெளியேறினான். அம்பு விட்டது சரியான நோக்கத்தோடு, பட்டது வேறிடத்தில். யார் தந்தை, யார் தாய் என்ற அறியாமையே குறியைத் தவறவைத்தது.

கிரேக்க மொழியில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டில் இதே சொல் 'பாவம்' என்ற பொருளில் வருகிறது. கிறித்தவ ஐரோப்பா அரிஸ்டாட்டிலைப் படித்தபோது இந்தப் பொருளின் நிழலும் உடன் விழுந்தது. வீழ்ந்தவன் ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும், அவன் குணத்தில் ஒரு குறை இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஆங்கிலப் பாடநூல்கள் இதைத் 'துன்பியல் குணக்குறை' என்று வாய்பாடாக்கின. மாக்பெத்துக்குப் பேராசை, ஒதெல்லோவுக்குப் பொறாமை, ஹாம்லெட்டுக்குத் தயக்கம் என்று மாணவர் மனப்பாடம் செய்யும் பட்டியல் அதன் விளைவு. மாக்பெத்துக்கு ஓரளவு பொருந்தும் இந்தச் சட்டம் ஈடிப்பஸுக்குப் பொருந்துவதில்லை. அவன் முன்கோபியாக இருந்ததால்தான் தாயை மணந்தான் என்று யாராலும் சொல்ல முடியாது.

'ஹூப்ரிஸ்' என்ற சொல்லுக்கும் இதே கதி. தெய்வங்களுக்குச் சமமாக நிமிர்ந்த மனிதச் செருக்கு, அதற்குத் தண்டனை என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஏதென்ஸ் சட்டத்தில் அது ஒரு குற்றத்தின் பெயர். இன்னொருவரை இழிவுபடுத்தி அதில் இன்பம் காணும் வன்செயல் அது. அதற்கென்றே தனி வழக்குமுறையும் இருந்தது. நாடகப் பாடல்களில் இச்சொல் வருவதுண்டு. ஆனால் அவல வீழ்ச்சிக்குக் காரணமாக அரிஸ்டாட்டில் அதைச் சொல்லவே இல்லை.

மருந்தும் தீட்டும்

இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவ்வுணர்ச்சிகளின் 'கதார்சிஸை' அவல நாடகம் நிறைவேற்றுகிறது என்று 6ஆம் இயலின் வரையறை முடிகிறது. இச்சொல்லை அவர் அங்கே விளக்கவில்லை. 'அரசியல்' நூலின் இறுதிப் பகுதியில் இசையைப் பற்றிப் பேசும்போது, கதார்சிஸின் முழு விளக்கம் கவிதை பற்றிய நூலில் வரும் என்கிறார். இன்று கிடைக்கும் கவிதையியலில் அந்த விளக்கம் இல்லை.

கிரேக்கர் வாழ்வில் இச்சொல்லுக்கு இரண்டு வீடுகள் இருந்தன. கோயிலில் அது தீட்டுக் கழித்தல். கொலைசெய்தவன் சடங்கு செய்து தூய்மை பெறுதல். மருத்துவரிடத்தில் அது உடலில் மிகுந்த நீரை வெளியேற்றுதல், பேதிக்குக் கொடுத்தல். மறுமலர்ச்சிக் கால அறிஞர் பலர், மனம் தூய்மையாகி ஒழுக்கம் உயர்கிறது என்று கொண்டார்கள். ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் பெர்னாய்ஸ் 1857இல் மருத்துவப் பொருளை வலியுறுத்தினார். தேங்கிய உணர்ச்சி வெளியேறி மனம் இலேசாகிறது என்பது அவர் விளக்கம். உணர்ச்சியைப் பற்றிய அறிவுத்தெளிவே கதார்சிஸ் என்று 20ஆம் நூற்றாண்டில் மூன்றாவது விளக்கமும் எழுந்தது.

மூன்றும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. மிலேட்டஸ் நாடகத்தைக் கண்ட மக்கள் புண்பட்டு எழுந்தார்கள். ஈடிப்பஸைக் கண்டவர்கள் அழுதும் நிறைவோடு எழுந்தார்கள். அந்த வேறுபாட்டுக்கு அரிஸ்டாட்டில் கொடுத்த பெயர் கதார்சிஸ் என்று கொண்டால் சொல்லின் தேவை விளங்கிவிடும்.

சொற்கள் சென்ற ஊர்கள்

ரோமானியர் காலத்தில் சொற்கள் இலத்தீன் உடை உடுத்தின. நாடகம் ஐந்து அங்கங்களுக்கு மேற்படவும் குறையவும் கூடாது என்று கவிஞர் ஹொராஸ் விதித்தார். கி.பி. 4ஆம் நூற்றாண்டில், ரோமானியக் கவிஞர் டெரன்ஸின் இன்பியல் நாடகங்களுக்கு உரை வகுத்த இலக்கணிகள் கதையைப் 'புரோட்டாசிஸ்', 'எபிட்டாசிஸ்', 'கட்டாஸ்ட்ரோஃபே' என்று பிரித்தார்கள்: தொடக்கம், இறுக்கம், புரட்டல். கட்டாஸ்ட்ரோஃபே என்பது அவர்களுக்கு மகிழ்ச்சியான முடிவை நோக்கிய திருப்பம். பேரழிவு என்ற பொருள் அதற்குப் பின்னால் வந்தது.

மேற்கு ஐரோப்பாவில் கிரேக்க அரங்கமும் கிரேக்க மொழி அறிவும் மறைந்தபின், அவல நாடகம் என்றால் உயர்ந்த நிலையிலிருந்தவர் வீழ்ந்த கதை என்ற அளவில் நினைவு சுருங்கியது. கவிதையியல் கிழக்கே பயணப்பட்டது. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அபூ பிஷ்ர் மத்தா சிரியாக் மொழிவழியே அதை அரபியில் பெயர்த்தார். அங்கே நாடக அரங்கம் இல்லை. அதனால் டிராகோய்டியா 'புகழ்ப்பா' என்றும் இன்பியல் நாடகத்தின் பெயரான கொமோய்டியா 'வசைப்பா' என்றும் ஆயின. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இப்னு ருஷ்து இதே சொற்களைக் கொண்டு உரை எழுதினார். 1256இல் அந்த உரை இலத்தீனுக்கு வந்தபோது, ஐரோப்பா அரிஸ்டாட்டிலைப் புகழ்ப்பாவின் ஆசிரியராகவே படித்தது. பொருளைக் காட்டும் அரங்கம் கண்முன் இல்லாதபோது சொல் எவ்வளவு தூரம் விலகிப் போகும் என்பதற்கு இது பெரிய சான்று.

1498இல் ஜோர்ஜோ வல்லாவின் இலத்தீன் பெயர்ப்பும் 1508இல் வெனிஸில் ஆல்டஸ் அச்சகத்தின் கிரேக்க மூலமும் வெளிவந்தபின் நிலைமை மாறியது. ஆனால் புதிய திரிபுகளும் தோன்றின. 1570இல் இத்தாலிய அறிஞர் கஸ்டெல்வெட்ரோ காலம், இடம், செயல் என்னும் மூன்று ஒருமைகளை விதியாக்கினார். அரிஸ்டாட்டில் வலியுறுத்தியது செயலின் ஒருமை மட்டுமே. காலத்தைப் பற்றி ஒரு பொதுக்குறிப்பு தந்தார். இடத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பிரான்சில் இவ்விதிகள் சட்டம்போல் ஆயின. 1637இல் கொர்னேய்யின் 'லெ சித்' பெற்ற பெருவெற்றியை அடுத்து எழுந்த பூசலில் பிரெஞ்சு அகாடமியே தீர்ப்புச் சொல்லும் நிலை வந்தது.

இங்கிலாந்தில் தாமஸ் ரைமர் 1678இல் 'கவிதை நீதி' என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நல்லவர் வாழ வேண்டும், தீயவர் வீழ வேண்டும் என்பது அதன் பொருள். 1681இல் நாகூம் டேட், ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசனை'த் திருத்தி எழுதினார். அதில் லியர் மீண்டும் அரசாளுகிறார். கொர்டீலியா சாகாமல் எட்கரை மணக்கிறாள். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆங்கில மேடையில் நடந்தது இந்தத் திருத்தமே. 1838இல் மெக்ரீடி என்ற நடிகர்தான் டேட்டின் திருத்தத்தை விலக்கி ஷேக்ஸ்பியரின் மூலத்தை மேடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்.

ஜெர்மனி சொற்களுக்குத் தத்துவ ஆழம் தந்தது. லெசிங் 'ஹாம்பர்க் நாடகவியல்' கட்டுரைகளில், அரிஸ்டாட்டிலின் அச்சம் என்பது நமக்கும் இது நேருமே என்று நம்மை நோக்கித் திரும்பிய இரக்கம் என விளக்கினார். ஹெகல், 'ஆன்டிகனி' நாடகத்தைக் கொண்டு 'மோதல்' என்ற கருத்தை முன்வைத்தார். அண்ணனை அடக்கம் செய்யும் தங்கையின் கடமையும் நகரச் சட்டத்தைக் காக்கும் அரசனின் கடமையும் தனித்தனியே நியாயமானவை. இரு நியாயங்கள் மோதுவதே அவலம் என்றார். குஸ்தாவ் ஃபிரைத்தாக் 1863இல் அறிமுகம், ஏற்றம், உச்சம், இறக்கம், பேரழிவு என ஐந்தங்க நாடகத்தை ஒரு கூம்பாக வரைந்தார். இன்று சிறுகதைக்கும் திரைக்கதைக்கும் கரும்பலகையில் வரையப்படும் கூம்பு அதுவே. இங்கிலாந்தில் 1904இல் வெளிவந்த பிராட்லியின் 'ஷேக்ஸ்பியரின் அவல நாடகம்' பாத்திரப் பண்பை ஆய்வின் நடுவே வைத்தது. 1949இல் அமெரிக்க நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர், அவலத்துக்கு அரசர்தான் வேண்டும் என்பதில்லை, எளிய மனிதனும் உரியவன் என்று வாதிட்டார். அதே ஆண்டு மேடையேறிய அவருடைய 'ஒரு விற்பனையாளரின் மரணம்' அதைச் செய்தும் காட்டியது.

தமிழுக்கு வந்த சொற்கள்

தமிழில் துயரச் சுவைக்குப் பெயர்கள் பழமையானவை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகையை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. தண்டியலங்காரம் எண்சுவையுள் 'அவலம்' என்று பெயரிடுகிறது. ஆனால் இவை ஒரு சுவையின் பெயர்கள். ஒரு முழு நாடகத்தையும் துயரத்தில் முடிக்கும் வகைக்குத் தனிப்பெயர் வேண்டிய தேவை, 19ஆம் நூற்றாண்டில் கல்லூரிகள்வழி ஷேக்ஸ்பியர் வந்தபோதே எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்தன்' ஆக்கினார். பரிதிமாற் கலைஞர் 1897இல் 'நாடகவியல்' என்ற இலக்கண நூலைச் செய்யுளில் இயற்றினார். விபுலானந்த அடிகளின் 'மதங்க சூளாமணி' 1926இல் வெளிவந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழ் நாடகமரபையும் அது ஒருங்கே வைத்து ஆராய்ந்தது. இப்படி வளர்ந்த கல்விமரபில் அவல நாடகம், துன்பியல் நாடகம் என்ற பெயர்கள் நிலைபெற்றன.

கிரேக்கச் சொற்கள் ஆங்கிலம்வழித் தமிழுக்கு வந்ததால் ஆங்கிலத்தில் ஏறிய திரிபுகளும் உடன் வந்தன. ஹமார்ட்டியாவைக் 'குணக்குறை' என்று பெயர்க்கும்போது பாவத்தின் நிழல் தமிழிலும் விழுகிறது. அதற்கு நேரான சொல் தமிழ்ப் பேச்சிலேயே இருக்கிறது. அம்பு குறி தவறியது என்கிறோம். செய்தது தவறு என்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், ஹோமரின் ஈட்டியையும் அரிஸ்டாட்டிலின் இலக்கணத்தையும் ஒரே வினை இணைத்ததுபோல. தேசிஸுக்கு முடிச்சு, கொம்மோஸுக்கு மாரடிப்பு, கதார்சிஸுக்குத் தீட்டுக் கழிப்பு, ஸ்கேனேவுக்குக் கொட்டகை என்று மற்றவற்றுக்கும் வீட்டிலும் வீதியிலும் வழங்கும் சொற்கள் உண்டு. அக்கலைச்சொற்கள் ஏதென்ஸிலும் அப்படி வழங்கியவையே.